படிக்கணக்கில் சேராத ஜீவன்

2006-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், இராக்கிலும் ஆப்கானிஸ்தானத்திலும் யுத்தம் நடத்திக்கொண்டிருந்த அமெரிக்கச் சேனைகளின் மத்தியத் தலைமையகம், ‘பொது ஆணை எண் 1’ என்று பெயர்பெற்ற தன் பழைய ஆணையைத் திருத்திப் புதிதாகப் பிறப்பித்தது. அந்நிய மண்ணில் நிற்கும் சிப்பாய் செய்யத் தகாதவை இன்னின்ன என்று எண்ணிச் சொல்லும் சாசனம் அது. மது அருந்தலாகாது, சூதாடலாகாது, ஆபாசப் படங்களை வைத்திருக்கலாகாது, முஸ்லிம் அல்லாதவர் மசூதிக்குள் புகலாகாது, அந்நாட்டின் புராதனப் பொருள்களைக் கவர்ந்து வரலாகாது என்று, கேட்டவுடனே யாவரும் நியாயமென்று தலையசைக்கக்கூடிய விதிகளுக்கு நடுவே, வீட்டு விலங்காயினும் காட்டு விலங்காயினும் எதனையும் செல்லப்பிராணியாக வரித்துக்கொள்வதும், பேணுவதும், அதற்கு ஆகாரமிடுவதும் குற்றம் என்ற விதியும் இடம்பெற்றிருந்தது.

இம்மூன்று வினைகளில் கடைசியாக நிற்பதே என் கவனத்தை இழுத்தது. வளர்க்காதே என்று சொல்லி நிறுத்தியிருக்கலாம். பேணாதே என்று சொன்னதோடு முடித்திருக்கலாம். அப்படி முடிக்காமல் சோறிடாதே என்றும் சேர்த்தெழுதிய அதிகாரி, பட்டாளத்து மனிதர்களோடு நெடுங்காலம் பழகியவராகத்தான் இருந்திருக்க வேண்டும். நாய் வளர்ப்பதென்று தீர்மானம் செய்துகொண்டு முகாமில் எவனும் நாய் வளர்ப்பதில்லை. தின்று மிஞ்சிய ரொட்டித் துண்டு ஒன்றைக் கம்பிவேலிக்கு அப்பால் எறிகிறான். மறுநாள் அதே வேளைக்கு நாய் வந்து நிற்கிறது. மூன்றாம் நாள், மிச்சம் எதுவும் இல்லாதபோதும், தன் பங்கிலிருந்து ஒரு பிடியை ஒதுக்கி வைக்கிறான். அதற்கடுத்த நாள் அந்த நாய்க்குப் பெயர் ஒன்று வந்துவிடுகிறது. பெயர் வந்தபின் எந்த ஆணையும் தாமதமாக வந்த ஆணையே.

போர்முனை நாய்களைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் நாய் சிப்பாயிடம் வைக்கும் விசுவாசத்தையே வியந்து பேசுகின்றனர். அவ்விசுவாசத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் கிடைத்திருக்கும் சரித்திரங்களைப் படிக்கப் படிக்க, தேறுதலின் ஊற்றுக்கண் அந்தப் பக்கத்தில் இல்லை என்ற எண்ணமே எனக்கு வலுத்தது. உண்பது, உடுப்பது, உறங்குவது, யாரைச் சுடுவது, எப்போது வீடு திரும்புவது ஆகிய யாவும் பிறர் வகுத்தபடியே நடக்கும் ஒரு வாழ்வில், தானே தெரிந்தெடுத்து, தன் கையால் ஊட்டி, தன்னால் பிழைத்திருக்கிறது என்று சொல்லிக்கொள்ளத்தக்க ஓர் உயிர் கிடைப்பதுதான் அவனைத் தேற்றுகிறது. நாய் அவனுக்குக் கொடுப்பதைவிட, கொடுப்பதற்கு ஓர் இடமாக அது அமைவதே பெரிது.

யுத்தம் என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் மனத்தில் எழும் புகையும் முழக்கமும் சிப்பாயின் நாட்களில் மிகச் சிறு பகுதியையே நிரப்புகின்றன. மற்றதெல்லாம் காத்திருத்தல். மணல்மூட்டைகளை அடுக்கிக் கட்டிய காவல் மேடையில் நான்கு மணி நேரம் நின்று, அசையாத மலையொன்றைப் பார்த்துக்கொண்டிருப்பது. இறங்கிவந்து துப்பாக்கியைத் துடைப்பது. மீண்டும் ஏறி நிற்பது. நாய்க்கு வேலையும் இல்லை, நிற்க நேரமும் இல்லை என்று நம் ஊர்களில் கேலியாகச் சொல்வார்கள். நிற்பதே வேலையாகப் பெற்றவனுக்கு அருகில், நிற்க நேரமில்லாத அந்தப் பிராணி வந்து, சுற்றி மோப்பம் பிடித்துவிட்டு, அவனுடைய பூட்ஸின்மீது மோவாயை வைத்துக்கொண்டு உறங்கிப்போவதில் உள்ள சுகத்தை, பின்னிரவில் தனியே விழித்திருக்க நேர்ந்த எவரும் ஊகித்துக்கொள்ளலாம். அந்தக் கனத்துக்காகக் காலை அசைக்காமல் வைத்திருப்பான். மரத்துப்போனாலும் எடுக்க மாட்டான்.

இத்தகைய உறவுகளில் மிக விரிவாகப் பதிவுபெற்றது, இரண்டாம் உலக யுத்தத்தின்போது நியூகினித் தீவில் உண்டானது. 1944-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம், அத்தீவின் காட்டுப் பாதையில் வண்டி பழுதாகி நின்றுவிட்ட ஓர் அமெரிக்கச் சிப்பாய், கைவிடப்பட்ட பதுங்குகுழி ஒன்றுக்குள்ளிருந்து முனகல் கேட்டு எட்டிப் பார்த்தபோது, உடம்பெல்லாம் மயிரடர்ந்த சின்னஞ்சிறு பெண் நாயொன்று மேலே ஏற முடியாமல் தவித்துக்கொண்டிருந்தது. யார்க்ஷயர் டெரியர் என்ற ஜாதியைச் சேர்ந்தது. ஏழு அங்குல உயரம். எடை நான்கு பவுண்டு, அதாவது இரண்டு கிலோவுக்கும் குறைவு. சீமாட்டிகளின் மடியில் இருக்க வேண்டிய அந்தப் பிராணி அக்காட்டுக்குள் எப்படி வந்ததென்பது முகாமில் பெரிய புதிராக இருந்தது. ஜப்பானியருடையதோ என்று ஜப்பானிய மொழியில் ஏவிப் பார்த்தார்கள். ஆங்கிலத்திலும் ஏவிப் பார்த்தார்கள். இரண்டுக்கும் அது அசைந்துகொடுக்கவில்லை. நாயை அப்போது வைத்திருந்தவருக்குச் சீட்டாட்டத்தில் மறுபடி உட்காரப் பணம் தேவைப்பட்டது. ஆகவே, ஒஹையோ மாகாணத்துக் கிளீவ்லந்து நகரிலிருந்து வந்து விமானப்படையின் புகைப்பட உளவுப் பிரிவில் பணியாற்றிக்கொண்டிருந்த வில்லியம் வின் என்ற இளைஞருக்கு, இரண்டு ஆஸ்திரேலியப் பவுண்டுக்கு அதை விற்றுவிட்டார்.

ஸ்மோக்கி என்று பெயரிடப்பட்ட அந்த நாய்க்குப் படைக்கணக்கில் ஒரு பிடி உணவும் கிடையாது, மருத்துவரும் கிடையாது. வின் தன் தட்டில் விழுந்ததைப் பகிர்ந்தளித்தார். சீட்டாடும் மேசைமீது விரித்திருந்த பச்சைக் கம்பளித் துணியே அதற்குப் படுக்கையாயிற்று. ஓய்வு நேரங்களில் அவர் அதற்கு வித்தைகள் கற்பித்தார். செத்தாற்போல் கிடக்கவும், கால்களுக்கிடையே வளைந்து வளைந்து ஓடவும், இரும்புக் கம்பியின்மேல் நடக்கவும் அது கற்றுக்கொண்டது. இந்தப் பாடங்களால் யாருக்கு அதிகப் பயன் என்று கேட்டால், ஆசிரியருக்கே என்று சொல்லுவேன். வெப்பமும் சேறும் கொசுவுமாக நாள் தெரியாமல் கழிந்த அந்தத் தீவில், நேற்றைக்கும் இன்றைக்கும் ஏதோ ஒரு வித்தியாசம் உண்டென்பதை அவருக்குக் காட்டிக்கொடுத்தது, நாய் நேற்று அறியாத ஒன்றை இன்று செய்தது என்பதுதான்.

டெங்கிக் காய்ச்சல் கண்டு வின் இராணுவ மருத்துவமனையில் படுத்துவிட்டபோது, அவருடைய தோழர்கள் ஸ்மோக்கியை அங்கே தூக்கிக்கொண்டு வந்தார்கள். தாதியருக்கு அதைக் கண்டவுடன் பிடித்துப்போயிற்று. பியாக் தீவுச் சண்டையில் காயம்பட்டு வந்திருந்தவர்களிடம் அதை எடுத்துச் செல்லலாமா என்று கேட்டார்கள். மருத்துவமனையின் தலைவராக இருந்தவர், புகழ்பெற்ற மேயோ மருத்துவக் குடும்பத்தைச் சேர்ந்த சார்லஸ் மேயோ. சுத்தத்தையும் ஒழுங்கையும் உயிராக மதிக்கும் மருத்துவ உலகில் வளர்ந்த அவர், பகலில் நோயாளிகளின் கட்டில்களைச் சுற்றி வரவும் இரவில் வின்னின் கட்டிலில் உறங்கவும் நாய்க்கு அனுமதி கொடுத்தார். பிற்காலத்தில் நோயாளிகளுக்கு ஆறுதலளிப்பதற்கென்றே நாய்களைப் பழக்கும் முறை பரவியபோது, அதன் சரித்திரத்தை எழுதியவர்கள் பதிவுள்ள முதல் உதாரணமாக ஸ்மோக்கியையே சுட்டினார்கள். பதுங்குகுழியில் கிடந்த நாதியற்ற நாய் ஒரு சிகிச்சை முறைக்கு முதற்பெயராயிற்று.

அதன் வாழ்க்கையில் வீரச் செயலும் ஒன்று உண்டு. 1945-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், பிலிப்பீன்ஸின் லூசோன் தீவில் லிங்காயென் வளைகுடாவை அமெரிக்கர்கள் கைப்பற்றியபின், விமான ஓடுபாதைக்கு அடியில் தொலைபேசிக் கம்பி இழுக்க வேண்டியிருந்தது. ஓடுபாதையைக் கடந்து எழுபது அடி நீளமும் எட்டு அங்குல விட்டமும் கொண்ட குழாய் ஒன்று கிடந்தது. மேலே தோண்டிக் கம்பி புதைப்பதென்றால் மூன்று நாள் வேலை. அதுவரை விமானங்களையெல்லாம் அப்புறப்படுத்திவிட்டு, தோண்டுகிறவர்களை எதிரியின் குண்டுக்கு எதிரே நிறுத்த வேண்டும். ஸ்மோக்கியின் கழுத்துப் பட்டையில் நூலைக் கட்டி, ஒரு முனையில் விட்டுவிட்டு, வின் மறுமுனைக்கு ஓடிக் குப்புறப் படுத்துக்கொண்டு பெயர் சொல்லி அழைத்தார். குழாயின் இணைப்புகளில் மண் சரிந்து சில இடங்களில் நான்கு அங்குல இடைவெளியே இருந்தது. சிறிது தூரம் வந்த நாய் நூல் சிக்கியதும் திரும்பிப் பார்த்து நின்றுவிட்டதாகவும், மறுபடி அழைத்தபோது நூல் தளர்ந்து நகர்ந்ததாகவும், கடைசியில் இருட்டுக்குள் இரண்டு கண்களைக் கண்டதாகவும் அவர் பிற்காலத்தில் விவரித்திருக்கிறார். வித்தைக்காகக் கற்ற அழைப்பு அங்கே உதவிற்று. யுத்தம் முடிந்ததும், பிராணவாயு முகமூடி வைக்கும் பெட்டிக்குள் ஒளித்து அதை அவர் கப்பலில் ஊருக்குக் கொண்டுபோனார். 1957-ஆம் ஆண்டு அது உறக்கத்தில் இறந்தது.

இதற்கு முந்தைய யுத்தத்திலும் இவ்வாறு நிகழ்ந்ததுண்டு. 1918-ஆம் ஆண்டு ஜூலை 14-ஆம் தேதி, பிரெஞ்சுக்காரரின் தேசியத் திருநாளன்று, பாரிஸ் நகரத்து மோன்மார்த்ர் பகுதியில் நேரம் கடந்து சுற்றிக்கொண்டிருந்த டானவன் என்ற அமெரிக்கச் சிப்பாய், இருட்டில் கந்தல் மூட்டை என்று எண்ணி ஒரு நாயை இடறியதாகவும், இராணுவப் போலீஸார் பிடித்து விசாரித்தபோது, படைப்பிரிவின் நாய் காணாமற்போய்விட்டது, அதைத் தேடித்தான் வந்தேன் என்று சொல்லித் தப்பியதாகவும் கதை. கந்தல் என்று பொருள்படும் ராக்ஸ் என்பதே அதற்குப் பெயராயிற்று. போர்முனையில் செய்தி சுமந்து, குண்டடியும் நச்சுப்புகையும் பட்டு, அதே நிலையில் கிடந்த டானவனோடு சிகாகோவுக்கு அருகிலுள்ள இராணுவ மருத்துவமனைக்கு அது வந்து சேர்ந்தது. அவர் 1919-ஆம் ஆண்டின் தொடக்கத்திலே இறந்துபோனார். நாய் 1936 வரை இருந்தது.

புதிய நூற்றாண்டின் யுத்தங்களுக்கு வருவோம். 2004-ஆம் ஆண்டு நவம்பரில், இராக்கின் பல்லூஜா நகரத்தை வீடு வீடாகப் போரிட்டுக் கைப்பற்றிக்கொண்டிருந்த அமெரிக்க மரைன் படைவீரர்கள், ஆளற்ற ஒரு வீட்டில் நாய்க்குட்டியொன்றைக் கண்டார்கள். தெள்ளுப்பூச்சி போக மண்ணெண்ணெயில் கழுவினார்கள். குடற்புழு நீங்க மெல்லும் புகையிலையைக் கொடுத்தார்கள். தங்களுக்கு வந்த பொட்டல உணவை ஊட்டினார்கள். மிருக வைத்தியர் எவரும் கேட்டால் திடுக்கிடக்கூடிய சிகிச்சைதான். ஆயினும், பகலெல்லாம் கதவுகளை உதைத்துத் திறந்த கைகள் இரவில் ஒரு குட்டிக்குத் தெள்ளுப் பார்த்துக்கொண்டிருந்தன என்பதை நினைக்கும்போது, அந்த வைத்தியம் யாருக்காக நடந்தது என்ற கேள்வி எழாமற் போகாது. லாவா என்ற அக்குட்டியை அமெரிக்காவுக்கு அனுப்பப் பாடுபட்ட கோப்பல்மன் என்ற அதிகாரி, அதைப்பற்றி ஒரு புத்தகமே எழுதினார். ஆணையை மீறுகிறோமென்று தெரிந்தே மீறியதாக அதில் அவர் ஒப்புக்கொண்டிருக்கிறார்.

அதே இராக்கின் அன்பார் மாகாணத்தில், எல்லைக் காவல் கோட்டை ஒன்றைச் சுற்றித் திரிந்த நாயொன்றுக்கு இரு செவிகளும் அடியோடு அறுக்கப்பட்டிருந்தன. 2007-ஆம் ஆண்டில் அக்கோட்டைக்கு வந்துபோய்க்கொண்டிருந்த பிரையன் டென்னிஸ் என்ற அமெரிக்க மேஜர், மொட்டைச் செவியைக் குறித்து அதற்கு நப்ஸ் என்று பெயர் வைத்தார். ஒருமுறை வந்தபோது, கூரான எதனாலோ குத்தப்பட்டு, விலாவில் சீழ்கோத்துக் கிடந்த நாய்க்கு மருந்து தடவி, குளிரில் பக்கத்தில் படுக்கவைத்துக்கொண்டு, விடிவதற்குள் இறந்துவிடும் என்றே எண்ணினார். அது பிழைத்தது. படையினர் பாலைவனத்தில் ஏறக்குறைய எழுபது மைல் கடந்து வேறோர் இடத்துக்குச் சென்றுவிட்டபோது, வண்டிகளின் பின்னே ஓடிவந்து மறைந்துபோன அந்த நாய், உறைபனியில் அத்தூரம் முழுவதையும் நடந்து, இரண்டு நாள் கழித்து அவர்களுடைய புதிய முகாமின் வாசலில் வந்து நின்றது. வந்து நின்றதைக் கண்டவர்கள் மகிழ்ந்தார்கள். ஆனால் ஆணை ஆணைதான். சில நாளுக்குள் அப்புறப்படுத்த வேண்டுமென்று மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. மேஜர் ஊருக்கு எழுதிப் பணம் திரட்டி, ஜோர்டான் வழியாக அதைக் கலிபோர்னியாவுக்கு அனுப்பிவைத்தார்.

ஆங்கிலேயரிடத்திலும் இதே கதை. ஆப்கானிஸ்தானத்தின் ஹெல்மந்து மாகாணத்தில், குடிமக்கள் ஓடிப்போய்ப் பாழ்பட்டுக் கிடந்த நவ் ஸாத் என்ற ஊரை 2006-ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில் காவல் காத்த பிரிட்டிஷ் மரைன் படைவீரர்களில் பென் பார்த்திங் என்ற சார்ஜென்ட், உள்ளூர்க் காவலர்கள் நடத்திய நாய்ச்சண்டை ஒன்றை விலக்கிவிட்டார். சண்டையில் ஈடுபட்ட நாய்களில் ஒன்று பிறகு அவரைத் தேடி வந்தது. ஊரின் பெயரையே அதற்கு வைத்தார். மறுவருஷம் தொடங்கிய தர்ம ஸ்தாபனத்துக்கும் அதே பெயர். காபூல் நகரில் அமைந்த அதன் காப்பகம், முகாம்களில் சிப்பாய்கள் பழக்கிய ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிராணிகளைக் கடல்கடந்து அவர்களிடம் சேர்ப்பித்தது.

தொடுதலாலும் பார்வையாலும் உடம்பில் நிகழ்வதையும் விஞ்ஞானிகள் அளந்திருக்கிறார்கள். நாயைத் தடவிக்கொடுக்கும்போது மனிதனின் இரத்த அழுத்தம் தணிவதும், தாய்க்கும் சேய்க்கும் இடையே பற்றை வளர்க்கும் ஆக்ஸிடோசின் என்ற சுரப்பு மனிதன், நாய் இருவரிடத்திலும் கூடுவதும் தென்னாப்பிரிக்காவில் 2003-ஆம் ஆண்டு வெளியான ஆராய்ச்சியில் காணப்பட்டன. ஜப்பானின் அசாபு சர்வகலாசாலையினர் 2015-இல் வெளியிட்ட ஆய்வில், நாயும் அதன் எஜமானரும் ஒருவர் கண்ணை ஒருவர் நோக்கியிருந்த நேரம் நீள நீள இச்சுரப்பு மிகுந்தது. மனிதர் கையில் வளர்ந்த ஓநாய்களிடம் அவ்வாறு நிகழவில்லை. இவையெல்லாம் அறியத்தக்கவையே. ஆனால் இரத்த அழுத்தம் குறைவதற்காக ஒருவன் தன் இறைச்சித் துண்டை விட்டுக்கொடுக்கிறான் என்று சொன்னால், அது சங்கீதத்தைத் தந்தியின் அதிர்வென்று சொல்வது போன்றதாகும்.

தேநீர்க் கடை வாசலில் பொறை வாங்கித் தெருநாய்க்குப் பிய்த்துப் போடும் மனிதரை நாம் தினந்தோறும் பார்க்கிறோம். பெரும்பாலும் அவர் செல்வந்தர் அல்லர். சுமைதூக்குபவராகவோ, இரவுக் காவலாளியாகவோ, ஊரைவிட்டு வந்து தனியறையில் காலந்தள்ளுபவராகவோ இருப்பார். நாள் முழுதும் பிறருடைய ஏவலைக் கேட்டுத் திரிந்தவர் அந்த ஐந்து நிமிஷம் தாதாவாக, அன்னமிடுகிறவராக நிற்கிறார். முகாமில் நடப்பதும் இதுவே. ஒரு வேற்றுமை என்னவென்றால், அங்கே இடுபவனுடைய கை அன்று காலையில் வேறு காரியங்களையும் செய்திருக்கும்.

இனி, ஆணையின் பக்கத்து நியாயத்தைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. 2011-ஆம் ஆண்டு ஜனவரியில் ஆப்கானிஸ்தானத்தில் நாய்ச்சண்டையை விலக்கப்போன ஓர் அமெரிக்கச் சிப்பாய்க்குக் கையில் கடிபட்டது. வயது இருபத்து நான்கு. முறைப்படி போடவேண்டிய தடுப்பூசிகள் முழுமையாகப் போடப்படவில்லை. காயம் ஆறிவிட்டது. வெறிநோய்க் கிருமியோ இரத்தத்தின் வழியே விரைவதன்று; நரம்பைப் பற்றிக்கொண்டு மூளையை நோக்கி மெல்ல மெல்ல ஏறுவது. பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று மாதத்தில் வெளிப்படும் அந்நோய் அவரிடத்தில் ஏழு மாதம் பதுங்கியிருந்து, அவர் தாய்நாடு திரும்பிய ஆகஸ்டு மாதத்தில் வெளிப்பட்டது. வெளிப்பட்டபின் அதற்குப் பரிகாரம் இல்லை; அம்மாதக் கடைசி நாளில் நியூயார்க் மாகாணத்தில் அவர் இறந்தார். கிருமியைப் பரிசோதித்தபோது அது ஆப்கானிய நாய்களிடத்தில் உலவும் இனம் என்று தெரிந்தது. ஆண்டுதோறும் உலகில் சுமார் 59,000 பேரைக் கொல்லும் இந்நோய்க்கு மூன்றில் ஒரு பங்கை இந்தியாவே கொடுத்துவருவதால், நமக்கு இதை விளக்கவேண்டிய அவசியமில்லை.

மூன்றாண்டுகளுக்கு முன்பே எச்சரிக்கை ஒன்று கிடைத்திருந்தது. 2008-ஆம் ஆண்டு ஜூன் மாதம் இராக்கிலிருந்து சிப்பாய்களுக்காக விமானத்தில் நியூஜெர்சிக்கு வந்திறங்கிய இருபத்து நான்கு நாய்களிலும் இரண்டு பூனைகளிலும், ஒரு நாய்க்கு வெறிநோய் இருந்தது. அதனோடு பழகியவர்களுக்கெல்லாம் ஊசி போட்டு, நாட்டின் பல திசைகளுக்கும் பிரிந்து சென்றுவிட்ட மற்றப் பிராணிகளைத் தேடிப் பிடித்துத் தனிமைப்படுத்தும்படி ஆயிற்று. ஆகவே சோறிடாதே என்ற விதியைக் கல்நெஞ்சின் விதியென்று நான் கருதவில்லை. நாயோடு வருபவர்க்குச் சுவர்க்கத்தில் இடமில்லை என்று தருமபுத்திரனைத் தேரருகில் தடுத்த இந்திரனும் தன் உலகத்தின் ஒழுங்கைத்தான் சொன்னான். தருமனோ, அண்டியவரைக் கைவிடுதல் பாதகம் என்று மறுமொழி சொன்னான். இருவர் கட்சியிலும் நியாயம் இருக்கிறது. நாய் தருமதேவதையாக உருமாறியதால் பாரதத்தில் வழக்கு முடிந்துவிட்டது. முகாமில் நாய் நாயாகவே இருந்தபடியால் முடியவில்லை.

வேடிக்கை என்னவென்றால், ஊர்நாயை அண்டவிடாத அதே இராணுவம், நாயின் ஆறுதலை அறவே மறுக்கவும் இல்லை. 2007-ஆம் ஆண்டு டிசம்பரில், போ, பட்ஜ் என்ற இரண்டு கறுப்பு லாப்ரடார் நாய்கள், மனத்தளர்ச்சிக்கு வைத்தியம் செய்யும் பிரிவுகளோடு சேர்க்கப்பட்டு, சார்ஜென்ட் பதவியும் சூட்டப்பட்டு இராக்குக்கு அனுப்பப்பட்டன. மனநோய் மருத்துவரிடம் போவதை அவமானமாக எண்ணிய சிப்பாய்கள், நாயைத் தடவ வந்தவர்களாக அருகில் அமர்ந்து, பேச்சோடு பேச்சாகத் தங்கள் துயரத்தைச் சொல்லத் தலைப்பட்டார்கள். நல்ல ஏற்பாடு என்பதில் ஐயமில்லை. என்றாலும், தடுப்பூசியும் பதவியும் உணவுக்கணக்கும் உடைய அந்த நாய்களுக்கு எவனும் தன் பங்கிலிருந்து கொடுக்கவேண்டிய தேவை இல்லை. அவை யார் இல்லாவிட்டாலும் பிழைத்திருக்கும். சிப்பாய்க்கு வழங்கப்பட்ட பொருள்களின் வரிசையில் ஆறுதலும் ஒன்றாகச் சேர்ந்தது. தொடுதலைக் கொடுத்த இராணுவத்தால், ஓர் உயிருக்கு இன்றியமையாதவனாக இருக்கும் நிலையைக் கொடுக்க முடியவில்லை.

கணக்கில் சேர்ந்த நாய்க்கும் ஒரு பழைய துக்கம் உண்டு. வியட்நாம் யுத்தத்தில் அமெரிக்கர்களுக்காக உழைத்த சுமார் 4,000 நாய்கள் சட்டப்படி தளவாடங்கள். யுத்தம் முடிந்தபோது ஏறக்குறைய 200 மட்டுமே தாய்நாடு கண்டன, மற்றவை போரில் மடிந்தன, அல்லது அங்கேயே விடப்பட்டன, அல்லது ஊசியிட்டுக் கொல்லப்பட்டன. பணி ஓய்ந்த இராணுவ நாய்களை வீடுகளுக்குக் கொடுக்கலாமென்று சட்டம் வந்தது 2000-ஆம் ஆண்டில்தான்.

ஊர்நாயின் தலைவிதியோ படைமாற்றக் காலத்தைப் பொறுத்தது. பிரிட்டிஷ் சிப்பாய்க்கு ஆறு மாதம், அமெரிக்க மரைன் படைவீரனுக்கு ஏழு மாதம், அமெரிக்கத் தரைப்படையினனுக்குப் பன்னிரண்டு மாதம், ஒரு காலத்தில் பதினைந்து மாதம். அதன்பின் வருபவன் நாய்மேல் பிரியமுள்ளவனாக இருந்தால் அதற்கு இன்னும் ஒரு தவணை வாழ்வு. இல்லாவிட்டால், வேட்டையையும் குப்பையையும் மறந்து வேளைக்கு வேளை கையேந்தப் பழகிவிட்ட பிராணி, காலி முகாமின் வாசலில் நிற்கும். அன்னமிட்டவன் அதற்குச் செய்த உபகாரம் எவ்வளவு, அபகாரம் எவ்வளவு என்பதை நேர்நின்று கணக்கிட்ட நூல்கள் குறைவு.

யுத்தம் நடந்த நாடுகளின் மக்கள் கண்ணுக்கு இவையெல்லாம் எவ்வாறு தோன்றியிருக்கும்? ஆப்கானிய மேய்ப்பன் நாயை வெறுப்பவன் அல்லன். மந்தையைக் காக்கும் நாயை அவன் மிகவும் மதிக்கிறான். செவியையும் வாலையும் வெட்டுவதும், ஓநாய் கவ்வப் பிடி கிடைக்கக்கூடாதென்ற எண்ணத்திலிருந்து வந்த வழக்கமே. ஆனால் நாயின் எச்சில் அசுத்தம் என்பது அவனுடைய மத நம்பிக்கை. நாயின் இடம் வாசலுக்கு வெளியே. நள்ளிரவில் சோதனைக்கென்று தன் வீட்டுக்குள் நாயோடு புகுந்த அந்நியரை அவன் மன்னிக்கவில்லை. இராக்கில், 2010-ஆம் ஆண்டில் பாக்தாத் நகர நிர்வாகம் மூன்றே மாதத்தில் 58,000 தெருநாய்களைக் கொன்றதாக அறிவித்ததையும் இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும். ஒரு நாயைக் காக்கக் கடல்கடந்து பணம் வந்த அதே நாட்டின் தலைநகரம் அது.

2021-ஆம் ஆண்டு ஆகஸ்டில் காபூல் வீழ்ந்தபோது இந்தக் கசப்பு உலகறிய வெளிப்பட்டது. விமான நிலைய வாசலில் மனிதர் நசுங்கிக்கொண்டிருந்த அந்நாட்களில், பார்த்திங் தன் காப்பகத்து நாய்களையும் பூனைகளையும் தனி விமானமொன்றில் ஏற்றிக்கொண்டு 28-ஆம் தேதி புறப்பட்டார். அவருடைய ஆப்கானிய ஊழியர்கள் அப்போது வெளியேற முடியவில்லை. சில வாரங்களுக்குப்பின் பாகிஸ்தான் வழியாக அவர்களும் பிரிட்டனை அடைந்தார்கள். அவர் தம் ஊழியர்களுக்காகவும் மன்றாடினார் என்பது உண்மை. ஆயினும் விமானத்தில் ஏறிய நாயையும் வேலிக்கு வெளியே நின்ற மனிதனையும் ஒரே படத்தில் கண்ட ஆப்கானியருக்கு, அந்த விளக்கமெல்லாம் எட்டியிருக்குமென்று எனக்குத் தோன்றவில்லை. நாய்மீது குற்றமில்லை, அந்நிய நாட்டின் கருணைக்கு வழி அத்தனை எளிதாகத் திறந்தது நாய்க்குத்தான் என்பதே அவர்களைச் சுட்டது.

கடைசியாக, ஆப்கானிஸ்தானத்தில் பாகிஸ்தான் எல்லையை ஒட்டிய பாக்தியா மாகாணத்து முகாம் ஒன்றில் திரிந்த மூன்று நாய்கள். டார்கெட், ரூபஸ், சாஷா என்று சிப்பாய்கள் அவற்றை அழைத்தார்கள். 2010-ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஓர் இரவு, உடலில் வெடிகுண்டைக் கட்டிக்கொண்டு, ஏறக்குறைய ஐம்பது பேர் தங்கியிருந்த கட்டடத்துக்குள் ஒருவன் நுழைய முயன்றபோது, மூன்றும் குரைத்துப் பாய்ந்து அவனைக் கவ்வின. அவன் உள்ளே போக முடியாமல் வாசலிலேயே குண்டை வெடிக்கச் செய்தான். ஐந்து சிப்பாய்கள் காயமடைந்தார்கள், ஒருவரும் சாகவில்லை. சாஷா பிழைக்கவில்லை. மற்ற இரண்டையும் ஜூலை மாதத்தில் அமெரிக்காவுக்குக் கொண்டுவந்தார்கள். டார்கெட் அரிசோனாவில் ஒரு சிப்பாயின் வீட்டுக்கு வந்து சேர்ந்தது, தொலைக்காட்சியில்கூடத் தோன்றிற்று.

அவ்வருஷம் நவம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை, திறந்துகிடந்த வாயில் வழியாக அது வெளியே போய்விட்டது. கழுத்தில் பட்டையும் இல்லை, வில்லையும் இல்லை. அக்கம்பக்கத்தார் ஒருவர், யாருமற்ற நாயென்று பிடித்துவைத்துத் தகவல் கொடுக்க, விலங்குக் காப்பகத்தார் கொண்டுபோனார்கள். காப்பகத்தின் இணையப் பக்கத்தில் அதன் படத்தை அன்று மாலையே கண்டுகொண்ட சிப்பாய், சனியும் ஞாயிறும் விடுமுறையென்று எண்ணித் திங்கட்கிழமை காலையில் அழைத்துவரச் சென்றார். அதற்குள், வேறொரு நாய்க்கென்று குறித்திருந்த ஊசியை, ஆள் தவறி, டார்கெட்டுக்குப் போட்டுவிட்டிருந்தார்கள்.